இலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்

ஜோசியான் விரித்த வாழை இலையை நான் குனிந்து திருப்பிப் போட்டேன்.

சாந்தோமில் என் வீட்டுச் சமையலறையை ஒட்டிய சின்ன அறை அது. மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகையும் ஜன்னல் வழியே வந்த உப்புக்காற்றும் கறி வாசனையோடு கலந்து மூக்கில் ஏறின. கடல் கடந்து தமிழ் படிக்க வந்திருந்த அவள் தரையைத் துடைத்து, சுவரோரமாக ஓர் அகல்விளக்கை ஏற்றிவைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு இலையை விரித்தாள். இலையின் நுனி அவளுக்கு வலது கைப்பக்கம் இருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய உடம்பு இது. தப்பைப் பார்த்துவிட்டால் கை பரபரக்கும். "நுனி இடது பக்கம் வரணும்மா. தெரியலைன்னா பரவாயில்ல, இப்ப தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இலையை மாற்றிவைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். "நன்றி, டீச்சர்" என்றாள்.

அந்த நன்றியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

பதில் தெரியாத கேள்வி

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த கூத்து தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலனி ஆட்சி தீவுகளில் வாழ்ந்த மக்களை எப்படி மாற்றியது, தாங்கள் யார் என்ற அவர்களுடைய நினைப்பை என்ன செய்தது என்பதுதான் என் ஆய்வு.

வேளச்சேரியில் இருக்கும் என் மகன், "ஏம்மா, இந்த வயசுல டாக்டராகி யாருக்கு ஊசி போடப் போற?" என்று கேட்டான். போடா என்று சொல்லிவிட்டேன்.

இதற்கெல்லாம் காரணம் நித்யா. பல வருஷங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் ஐரோப்பியர் வருகையை நான் வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "மிஸ், அவங்க இங்க வந்தாங்க, சரி. நம்ம ஆளுங்கள எங்க கொண்டுபோனாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உட்காரு, பாடத்தைக் கவனி என்று அதட்டினேன். அந்தக் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவே இல்லை. அந்த நித்யாதான் இப்போது பேராசிரியை நித்யா, என் ஆய்வு நெறியாளர். என்னைத் திட்டும்போதுகூட "மிஸ்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

நான் எடுத்துக்கொண்டது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்கள். அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தபின் வேலைக்கு ஆள் போதாமல், நம் கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களை ஒப்பந்தம் போட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். பதிவேட்டில் எழுத ஒரு குமாஸ்தா. உன் பெயர் என்ன, அப்பன் பெயர் என்ன என்று கேட்டான். நம் ஆள் சொன்னான். அந்த அப்பன் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன், வீட்டுக்கு வந்த மருமகள் எல்லோருக்கும் என்றைக்கோ செத்துப்போன அந்த ஒருவருடைய பெயர்தான் வால். முன்னால் ஒரு கிறிஸ்தவப் பெயர், பின்னால் ஒரு முனுசாமியோ வீரப்பனோ. இதைப் பதிவேட்டில் முதன்முதலில் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

புத்தகத் தமிழ் பேசிய பெண்

ஜோசியானை நான் சந்தித்தது பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில். ஐம்பது வயதிருக்கும். தீவில் தபாலாபீசில் வேலை. மூன்று மாத விடுமுறையில் தமிழ் படிக்க வந்து, அங்கேயே பக்கத்துத் தெருவில் அறை எடுத்திருந்தாள். முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவளின் மணிக்கட்டில் மாரியம்மன் கோயில் மஞ்சள் கயிறு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"காலையில் மாதா கோயில் பூசைக்குப் போவோம். மாலையில் அம்மனுக்குத் தீ மிதிப்போம். யாருக்கும் கோபம் இல்லை" என்றாள். தீவின் மாலை வகுப்பில் படித்த தமிழ். ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு மடித்து எடுத்து வைப்பாள்.

அவளைத் தி.நகருக்குச் சேலை வாங்கக் கூட்டிப் போனேன். கடைப் பையன்களில் ஒருவன் அவளுடைய சுருட்டை முடியையும் நிறத்தையும் பார்த்துவிட்டு என்னிடம், "மேடம், இவங்க ஆப்பிரிக்காவா?" என்றான். "நான் தமிழச்சி" என்றாள் அவள். அவன் நம்பாமல் சிரித்தான். "சும்மா சொல்லாதீங்க மேடம்!" அவள் அந்தச் சேலையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே, "அங்கே நான் பிரெஞ்சுக்காரி இல்லை. இங்கே நான் தமிழச்சி இல்லை" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய ஆறுதல்காரி மாதிரி பேசினேன். ஒரே மாதத்தில் அந்தக் கடைப் பையனைவிட மோசமான காரியத்தைச் செய்யப்போகிறேன் என்று எனக்கென்ன தெரியும்?

என் ஆய்வேட்டுக்கு மூன்று தகவலாளர்கள். இரண்டு பேர் தீவிலிருந்து போனில் பேசியவர்கள். மூன்றாவது ஜோசியான். நான் தயாரித்த முப்பது கேள்விகளுக்கும் நாள்கணக்கில் உட்கார்ந்து பதில் சொன்னாள். அவள் பேட்டியை வைத்துத்தான் இரண்டு இயல்களே நின்றன. தன் அப்பாவின் நினைவு நாளை என் வீட்டில் கும்பிடலாமா என்று அவள் கேட்டபோது நான் துள்ளிக் குதித்தேன். கண்ணெதிரே களப்பணி நடக்கப்போகிறதே!

பென்சிலால் கோடிட்ட ஒரு சொல்

நினைவு நாள் முடிந்த இரண்டாவது வாரம், எழுதி முடித்த பக்கங்களையும் ஒப்புதல் படிவத்தையும் அவளிடம் கொடுத்தேன். பேட்டி கொடுத்தவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அதை ஆய்வேட்டில் சேர்க்கலாம்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு பக்கத்தை எடுத்து நீட்டினாள். "இலை இடும் முறைகூட மறந்துபோன அளவுக்குத் தீவில் தமிழ்ச் சடங்குகள் சிதைவுற்றன" என்று நான் எழுதியிருந்த வரி. சிதைவு என்ற சொல்லுக்கு அடியில் பென்சில் கோடு.

"அகராதியில் பார்த்தேன்" என்றாள். "டீச்சர், அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் நான் இலை போட்டேன். நீங்கள் திருப்பினீர்கள். அன்று மாலை என் அண்ணனிடம் பேசினேன். நாம் தவறாகப் போட்டோம் என்று சொன்னேன். அண்ணன் கேட்டான், அப்படியென்றால் இத்தனை ஆண்டுகள் அப்பா சாப்பிடவே இல்லையா என்று."

நீட்டிய பக்கத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"தோட்டத்து முதலாளி எங்களைக் காட்டுமிராண்டிகள் என்றார். பாதிரியார், பேய்க்குச் சோறு போடுகிறீர்கள் என்றார். அவர்கள் சொன்னபோது என் குடும்பம் நம்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு செய்தது. நீங்கள் சொன்னீர்கள். நான் நம்பிவிட்டேன்."

கையெழுத்துப் போடாத படிவத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். இன்னும் பத்து நாளில் அவளுக்கு விமானம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இலை நுனி இடது பக்கம் வரவேண்டும் என்று சொன்னது ஒரு குற்றமா? எத்தனை கல்யாணப் பந்தியில் சாப்பிட்டிருக்கிறேன்! நித்யாவுக்குப் போன் செய்து பொரிந்து தள்ளினேன்.

"மிஸ், அடுத்த வியாழக்கிழமை சினாப்சிஸ் கூட்டம். இதுதான் கடைசி எக்ஸ்டென்ஷன், இதுக்குமேல யுனிவர்சிட்டி ஒரு நாள்கூடத் தராது" என்றாள் நித்யா. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் பேராசிரியர்கள் முன் வைத்து ஒப்புதல் வாங்கும் கூட்டம் அது. "பேரை எடுத்துட்டு, ஊரை மாத்தி, பொதுவா எழுதிடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"கையெழுத்தில்லாத பேட்டியை நான் போட மாட்டேன்."

"அப்ப ரெண்டு சாப்டரும் போயிடும் மிஸ். ஆறு வருஷ வேலை. ப்ளீஸ், இப்பப் போய் பிடிவாதம் பிடிக்காதீங்க."

பிடிவாதம்தான், அதைவிட்டால் என்னிடம் வேறென்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அந்த ஆய்வேட்டை முடித்தே தீருவேன். ஆனால் திருடி முடிக்க மாட்டேன். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அஞ்சலை கேட்ட கேள்வி

மறுநாள் காலை மீன் வாங்கப் பட்டினப்பாக்கம் போனேன். இருபத்தைந்து வருஷமாக எனக்கு மீன் தருவது அஞ்சலைதான்.

"இன்னா டீச்சரம்மா, மூஞ்சி இப்டி தொங்கிப்போய் கீது?" என்றாள் அருவாமனையில் வஞ்சிரத்தை வைத்துக்கொண்டே.

புலம்புவதற்கு ஓர் ஆள் கிடைத்ததே என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் துண்டு போடுவதை நிறுத்திவிட்டாள்.

"அந்த எலை யாருக்குப் போட்டது?"

"அவ அப்பாவுக்கு."

"அவுரு எங்க குந்திகினு இருந்தாரு?"

"அவர் செத்து ஒன்பது வருஷமாச்சு, அஞ்சலை."

"அதான் கேக்குறேன்! படையல்னா செத்தவங்கதானே வந்து குந்துவாங்க? சொவுத்தாண்ட, நம்மள பாத்துக்கினு குந்துவாங்க. அவுருக்கு எடது கை எங்க வருது, சொல்லு? நமக்கு வலது கை பக்கம் வருது. எங்கூட்லயும் அப்டித்தான் போடுவோம். அந்தப் பொண்ணு கரீட்டாத்தான் போட்டுக்கீது. நீதான் பூந்து மாத்திட்ட."

நான் மீன்கூடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அஞ்சலை முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"அய்ய, பாவம். அந்தப் பொண்ணு மனசு இன்னா பாடு பட்டிருக்கும்?"

அந்த அறையில் சாப்பிட இருந்தவர் சுவர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் எனக்குத்தான் இலை போட்டிருக்கிறது என்பதுபோல இந்தப் பக்கமிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஆவணக் காப்பகத்தில் தும்மித் தும்மிப் பதிவேடுகளைப் படித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் புத்தகங்களைப் படித்தேன். என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் அஞ்சலையிடம் உங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவளிடம் நான் கேட்டதெல்லாம் வஞ்சிரம் புதுசா என்பதுதான். வெட்கமாக இருந்தது. தெருவில் நின்று அழக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மீனைக்கூட வாங்காமல் பெசன்ட் நகருக்கு ஆட்டோ பிடித்தேன்.

முப்பது கேள்விகள்

ஜோசியான் கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. வாசலிலேயே நின்று அஞ்சலை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "உன் இலை சரியாத்தான் இருந்தது. உங்க அப்பா ஒன்பது வருஷமும் சாப்பிட்டார். தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிடும்மா."

அவள் செல்போனை எடுத்தாள். தீவில் அப்போதுதான் விடிந்திருக்கும். அண்ணனிடம் அவர்கள் மொழியில் மடமடவென்று பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அந்தப் பக்கம் வயதான ஓர் ஆண் குரல் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டது. அவள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே அழுதாள்.

போனை வைத்த பிறகு என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியைக் காட்டினாள். நான் எழுதிய கேள்வித்தாளை எடுத்தாள், செல்போனில் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"இப்போது நான் கேட்கிறேன். நீங்கள் பதில் சொல்லுங்கள்."

முதல் கேள்வி, உங்கள் முழுப் பெயர் என்ன, அதை யார் வைத்தார்கள். என்ன அதிகாரமான கேள்வி! நான்தான் எழுதியிருக்கிறேன். லூர்து மேரி, பங்குச் சாமியார் வைத்தார் என்றேன். எந்த மொழியில் ஜெபிப்பீர்கள், வீட்டில் எந்தப் பழக்கத்தை யார் வந்து நிறுத்தினார்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து நாங்கள் இந்தக் கரையில் கிறிஸ்தவர்கள். அவள் குடும்பத்தை மாற்றியவர்களைப் பற்றி இரண்டு இயல் எழுதியவள், என் குடும்பத்தை மாற்றியவர்களைப் பற்றி அரைப் பக்கம்கூட எழுதவில்லை.

பதினேழாவது கேள்வி. "இறந்தவர்களுக்கு உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?"

"கல்லறைத் திருநாளுக்குப் பூ வைப்போம், மெழுகுவத்தி ஏத்துவோம், கோயில்ல அவங்க பேர்ல பூசை ஒப்புக்கொடுப்போம்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, ஐம்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா இறந்துபோனார். கல்லறைத் திருநாளன்று கல்லறையிலிருந்து திரும்பியதும் அம்மா நெத்திலி வறுப்பாள். அப்பாவுக்கு நெத்திலி என்றால் உயிர். ஒரு வாழை இலையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் தங்கையும் வறுவல் வாசனையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "வெளிய யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்பாள்.

பத்து வயதில், வேதம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பில், "யார் வீட்ல இன்னும் அஞ்ஞானப் பழக்கம் இருக்கு?" என்று சிஸ்டர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். உண்மை சொன்னதற்கு எனக்கு ஓரத்தில் தங்க நிறம் பூசிய ஒரு மாதா படம் பரிசு. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க, நிற்கவைத்துக் கண்டித்தார்கள். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். வீட்டுக்கு வந்து என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவுமில்லை. அடுத்த வருஷம் சமையலறைக் கதவு திறந்தே கிடந்தது. அப்பாவுக்கு யாரும் இலை போடவில்லை. சாகும்வரை அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சொல்லி முடித்தபோது என் சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. ஜோசியான் பதிவை நிறுத்தினாள். எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இதையும் எழுதுங்கள்" என்றாள். "என் வீட்டுக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டையும் வையுங்கள். அப்போது நான் கையெழுத்துப் போடுகிறேன்."

வியாழக்கிழமை

அன்றிலிருந்து கூட்டம்வரை நான் மேசையைவிட்டு எழுந்ததே சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும்தான். சிதைவு என்று எழுதிய வரியை அடித்துவிடவில்லை. அதை அப்படியே வைத்து, அது எப்படித் தப்பு, அந்தத் தப்பைச் செய்தது யார், திருத்தியது யார் என்று கீழே எழுதினேன். அஞ்சலையைக் கேட்டு அவள் பெயரை நன்றியுரையில் சேர்த்தேன். "பேப்பர்ல நம்ம பேரு வருமா? படிச்சுக் காட்டு" என்றாள். ஜோசியான் திருத்திய பக்கங்களைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். என் வீட்டுக் கதை எழுதிய பக்கம் மட்டும்தான் பாக்கி. அதில் தகவலாளராக என் பெயரை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் மாதா கோயில் பங்கில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது, தங்கை வேறு இருக்கிறாள். பெயர் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை கூட்டத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். கடைசி வரிசையில் ஜோசியான், தி.நகரில் வாங்காமல் விட்டுவந்த அதே மாதிரிச் சேலையில். நான் நாற்பது நிமிஷம் பேசினேன். வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"மத்த மூணு தகவலாளருக்கும் பேர் இருக்கு. இந்த நாலாவது ஆள் யாரும்மா? சாந்தோம், கத்தோலிக்கர், அறுபத்துநாலு வயசுன்னு மட்டும் இருக்கு. பேர் இல்லாத சாட்சியத்தை நான் எப்படி ஏத்துக்கறது? சின்ன வயசுல அம்மாவைக் காட்டிக்கொடுத்ததா சொல்றாங்க. இப்படி ஒருத்தர் நிஜமாவே இருக்காங்களா?"

நித்யா பதறிக்கொண்டு எழுந்தாள். "சார், அது ரகசியம் காக்கவேண்டிய பேட்டி. பேர் போட வேண்டாம்னு..."

"நித்யா, உட்காரு" என்றேன். பழைய பழக்கத்தில் அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்காங்க சார்" என்றேன். மேசைக்குப் போய் அவர் முன்னால் இருந்த பிரதியை என் பக்கம் இழுத்தேன். அவருடைய பேனாவையே கேட்டு வாங்கி, பதினைந்து பேரும் பார்க்க, அந்த வெற்றிடத்தில் என் பெயரை எழுதினேன்.